மணலி எண்ணெயும் எண்ணூர் வாளியும்



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்த கையோடு எண்ணூர் ஆறு கறுத்தது. படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் எண்ணெய்ப் பிசுக்கு. கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகுகூடத் தார் பூசியதுபோல் ஆனது. அந்த எண்ணெயை அள்ளியவர்கள் யார்? குப்பத்து மீனவர்கள். படகேறிப்போய் வாளியாலும் குவளையாலும் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள்.

மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலை இன்று ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைக் கையாளக்கூடியது. நடத்துவது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பொதுத்துறை நிறுவனம். எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றுதான் அது முதலில் சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வோ, ஆலையிலிருந்து மழைநீரோடு வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து எண்ணூர் ஆற்றை அடைந்ததைக் காட்டியது. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது.

மழைமேல் பழி போடலாமா? 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது! தாழ்ந்த நிலத்தில் எண்ணெயைத் தேக்குகிறவர்கள், மழைநீரில் அது கலக்காதபடி முன்பே தடுத்திருக்க வேண்டாமா?

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அப்போதும் வாளிதான். ஏறக்குறைய ஏழு ஆண்டு கழித்தும் அதே வாளி என்றால், இடைப்பட்ட காலத்தில் ஆயத்தம் செய்திருக்க வேண்டியவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. எத்தனை நாள் பாட்டுக்கு அது ஈடாகும்? ஆற்றுச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் படகு கிடையாது, ஆழ்கடல் கிடையாது. சேற்றில் எண்ணெய் படிந்தால் அவர்கள் வேறெங்கே போவார்கள்?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் ஆணித்தரமாகச் சொன்னது. பாலாற்றங்கரை மக்கள் பட்ட பாட்டில் பிறந்த தீர்ப்பு அது. மணலிக்கு மட்டும் விலக்கா?

ஆலையின் ஒவ்வொரு மழைநீர் வாய்க்காலும் ஊரார் பார்க்கச் சோதிக்கப்பட வேண்டும். படகுக்கும் வலைக்கும் இழந்த பாட்டுக்கும் ஆன முழுத் தொகையை ஆலையே கட்ட வேண்டும். சேற்றையும் அலையாத்திக் காட்டையும் அதன் செலவிலேயே துப்புரவாக்க வேண்டும். அது முடியும்வரை ஆலை விரிவாக்கம் என்ற பேச்சோடு எந்த அதிகாரியும் இந்தக் கரைக்கு வரக் கூடாது!