செஞ்சியில கொள்ளுப்பாட்டியைத் தேடி

செஞ்சின்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராஜகிரி மேல ஏறி எடுத்த போட்டோ. 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகள்ல, மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கறது இது ஒண்ணுதான். வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா தேசிங்கு ராஜான்னு சொல்வாங்க. 1714-ல, 22 வயசுல, ஆற்காட்டு நவாப் படையோட மோதிச் செத்தவர்.

ராஜாக்களோட வரிசையை எழுத ஆள் இருந்தாங்க. 1800-களின் ஆரம்பத்துல செஞ்சிக்காரர் நாராயணன்ங்கறவர் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' எழுதினார். ஆனந்தக் கோன், கிருஷ்ணக் கோன்னு யாருக்கு அப்புறம் யார்ங்கறது அதுல இருக்கு. கர்னல் மெக்கன்சி சேகரிச்ச சுவடிகள்ல அதுவும் தப்பிச்சு வந்தது.

அதே கோட்டைக்குப் பக்கத்துல, கடலை போட்டுப் பொழைச்ச எங்க கொள்ளுப்பாட்டி பேர் என்னன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது. தெரிஞ்சதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்: 'அவ நிலத்தை வித்துத் தின்னுட்டா.' கல்யாணம், காதுகுத்து, எந்த விசேஷத்துல பங்காளிங்க கூடினாலும் அது வந்துடும். எங்க தாத்தா அடுத்தவங்க நிலத்துல கூலிக்குப் போனதுக்கு அதுதான் காரணம்னு சொல்வாங்க.

இங்கிலாந்துல 1538-லயே தாமஸ் குரோம்வெல் ஒரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர் சர்ச்சும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதி வைக்கணும். அதனால அங்க ஏர் ஓட்டினவனோட பேரனும் பத்து தலைமுறை பின்னாடி போய்ப் பார்க்கலாம். நமக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. நம்ம ஊர்ல எழுத்து நிலத்துக்குப் பின்னாடிதான் போச்சு. இன்ஜினியர் பாஷையில சொல்றேன், மனுஷன் பிரைமரி கீ இல்ல, சர்வே நம்பர்தான் பிரைமரி கீ.

அந்தக் கீயும் மாறியிருக்கும். 1979-ல ஆரம்பிச்ச யு.டி.ஆர்.ல உட்பிரிவு எல்லாம் புதுசாச்சு. ஜில்லாவே மாறிப் போச்சு. இப்ப விழுப்புரம் மாவட்டம், 1993-க்கு முன்னாடி தென்னாற்காடு. இன்னும் பின்னாடி போனா செஞ்சி திண்டிவனம் தாலுகாவுல இருந்தது. இதெல்லாம் தெரியாம நான் ரெண்டு மாசம் தப்பான இடத்துல தேடினேன்.

வழி காட்டினது ஒரு பத்திர எழுத்தர். பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரம் எல்லாம் ஒண்ணாம் புத்தகத்துல ஏறும். அதுக்கு ரெண்டு இன்டெக்ஸ். ஒண்ணு ஆள் பேர்ல, இன்னொண்ணு சொத்து இருக்கற ஊர் வாரியா. கட்டணம் கட்டினா யார் வேணாலும் தேடலாம், நகல் வாங்கலாம். அந்தச் சொத்து உங்களோடதா இருக்கணும்னு அவசியமே இல்லை. எனக்கு இது தெரியவே தெரியாது.

கொள்ளுத்தாத்தா பேரையும் ஊரையும் வெச்சுத் தேடினதுல, 1930-கள்ல எழுதின ஒரு கிரயப் பத்திரம் கிடைச்சது. பழைய பத்திரத்துல ஒரு ஆள் பேர் தனியா வராது, 'இன்னார் குமாரர் இன்னார்'னுதான் வரும். ஒரே வரியில ரெண்டு தலைமுறை. நாலு எல்லை எழுதும்போது பக்கத்து நிலத்துக்காரங்களும் வந்துடுவாங்க. பொம்பளைங்க பேர் அபூர்வம். ஆனா இதுல இருந்தது. புருஷன் இறந்துட்டார், பசங்க ரெண்டு பேரும் மைனர், அதனால கார்டியனா அவங்க அம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க. அந்த ரெண்டு பசங்கள்ல சின்னவர் எங்க தாத்தா.

அவங்க பேரை இங்க சொல்லல. வீட்டுல இன்னும் பேச்சு முடியல.

ஏன்னா நிலத்தை வாங்கினவர், அவங்க புருஷனோட சொந்த அண்ணன். புருஷன் பட்ட கடனும் அவர்கிட்டதான். கிரயத் தொகையில முக்கால்வாசி அந்தக் கடன்லயே கழிஞ்சுபோச்சு. மீதி, தீர்வை பாக்கிக்கும் மைனர்களோட சாப்பாட்டுக்கும்னு எழுதியிருக்கு. சாப்பாட்டுக்குங்கறது எழுத்தர்கள் வழக்கமா போடற வார்த்தைன்னு ஒரு வக்கீல் நண்பன் சொன்னான். இருக்கலாம். ஆனா கடன்ல கழிச்ச கணக்கு வழக்கமா போடற வார்த்தை இல்லையே. வித்துத் தின்னுட்டான்னு நாலு தலைமுறையா சொல்லிட்டு வர்றதும், அந்த அண்ணன் வழி வந்தவங்கதான்.

அப்பா நகலை ரெண்டு தடவை படிச்சார். பங்காளிங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. "கைரேகை எங்கடா?"ன்னு மட்டும் கேட்டார். புத்தகத்துல கையால பார்த்து எழுதினதோட நகல்ப்பா இது, ரேகை இருக்காது, 'இடது கைப் பெருவிரல் ரேகை'ன்னு எழுத்துதான் இருக்கும்னு சொன்னேன். அந்த வரி எங்க இருக்குன்னு காட்டச் சொன்னார். காட்டினேன்.