கடல் ஒன்று, காவல் பல

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கடலையும் கடல்சார்ந்த நிலத்தையும் ஒருசேர நெய்தல் என்றனர் முன்னோர். கழியும் கானலும், உப்பும் மீனும், பரதவர் வாழும் பாக்கமும் அத்திணைக்குள் அடங்கின. ஒன்று கெட்டால் மற்றதும் கெடும் என்னும் அறிவு அப்பகுப்பில் உறைகிறது. 'ஒருங்கிணைந்த கடற்கொள்கை' என்று இக்கால அறிஞர் கூறுவதும் அதனையே.

அசோக் நகருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அருகே ஓடும் அடையாறே அவ்வுறவு. அதன் முகத்துவாரத்தைக் கடல் மணல் தூர்க்கிறது. கரைகளை மனிதர் நெருக்குகின்றனர். 2015 டிசம்பரில் ஆறு பெருகி இப்பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது அவ்வுறவு எல்லார்க்கும் விளங்கிற்று.

மற்றொரு சான்று சென்னைத் துறைமுகம். கரையோர நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே சுமந்து செல்லும். 1870களில் தொடங்கிய அலைதடுப்புச் சுவர் அதனை மறித்தது. தெற்கே மெரினாவின் மணற்பரப்பு விரிந்தது. வடக்கே இராயபுரம் முதலிய கரைகளைக் கடல் அரித்தது. மாலையில் காற்று வாங்குவோர் அமரும் மணல், வடசென்னை மீனவரின் கரைக்குச் சேரவேண்டிய மணல்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் கரையையொட்டிய 3 கடல் மைல் பரப்பை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிற்று. 1991இல் நடுவணரசின் அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையை ஒழுங்குமுறைக்கு உட்படுத்திற்று. சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராக 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் 2017இல் 45 நாளிலிருந்து 61 நாளாயிற்று. ஆயினும் 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடம் எழுப்பலாகாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறுக்கிற்று. ஒரு கை கட்டிய வேலியை மறு கை பிரிக்கிறது.

ஆறு ஒரு துறைக்கு, துறைமுகம் மற்றொன்றுக்கு, மீன்வளம் வேறொன்றுக்கு என ஆட்சி பிரிந்து கிடக்கிறது. கடலுக்கு அப்பிரிவினை தெரியாது. அதனை ஒன்றாகக் கண்டு வாழ்பவர் மீனவர். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்தவர் அவர். கொள்கை வகுப்போர் அவையில் அவருக்கு முதலிருக்கை வேண்டும்.

கவிஞர்க்கும் கடமை உண்டு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது தலைவியின் இரங்கலாக இருந்தவரை இலக்கியம். கரையிழந்த குடிகளின் இரங்கலாக மாறும்போது வழக்கு. அவ்வழக்கை எடுத்துரைக்கப் புதிய நெய்தற் பாடல்கள் பிறக்கட்டும்! இலக்கிய வட்டம் வாழிய!