மதகு திறக்கும் நேரம்



சிங்கப்பூரின் வடமேற்கு ஓரத்தில், ஜொகூர் நீரிணையை ஒட்டி, ஒரு காலத்தில் குளங்கள் வெட்டி இறால் வளர்த்தார்கள். கடல் ஏறும்போது மதகைத் திறப்பார்கள். உப்புத்தண்ணீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வந்துவிடும். மதகை அடைத்து வளரவிடுவார்கள். பிறகு கடல் இறங்கும் நேரம் பார்த்து, மதகின் வாயில் வலையைக் கட்டித் திறந்துவிட்டால் போதும். ஓடும் தண்ணீரே இறாலைக் கொண்டுவந்து கொட்டும். தீவனத்தைவிடக் கடலின் ஏற்ற இறக்கத்தையே நம்பி நடந்த தொழில் அது. அந்தக் குளங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த இடத்தைத்தான் நாம் சுங்கை பூலோ என்று சொல்கிறோம்.

1986-ஆம் ஆண்டு, மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அந்தப் பக்கம் போனார்கள். இறால் குளங்களின் சேற்றில் கூட்டம் கூட்டமாக உள்ளான்கள் இரை தேடிக்கொண்டிருந்தன. சைபீரியாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்கு முன் தெற்கே ஆஸ்திரேலியா வரைகூடப் பறக்கிற பறவைகள் அவை. ஆனால் அந்த வட்டாரத்தை வேளாண் தொழில்நுட்பப் பூங்கா ஆக்குவது என்று ஏற்கெனவே திட்டம் போட்டாயிற்று. ஆர்வலர்கள் கூச்சல் போடவில்லை. பறவைகளை இனம்வாரியாகக் குறித்தார்கள், எண்ணினார்கள், எண்ணியதை வைத்து அரசுக்கு முன்மொழிவு எழுதினார்கள். ஒரு சாண் நிலத்துக்கும் கணக்குப் பார்க்கிற நாட்டில் அந்த முன்மொழிவு எடுபட்டது. 1989-இல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-ஆம் தேதி பிரதமர் கோ சோக் தோங் அதைத் திறந்துவைத்தார். 2002-இல் அது 130 ஹெக்டேராக விரிந்து, சட்டப்படி இயற்கை வனப்பகுதி ஆனது. அடுத்த ஆண்டே ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் வந்தது.

ஆண்டுகளும் விருதுகளும் கிடக்கட்டும். அங்கே நடக்கிற வேலையைச் சொல்ல வேண்டும்.

உள்ளான் நீந்தி வாழும் பறவை அல்ல. நீண்ட காலோடு சேற்றில் நின்று, அலகை உள்ளே விட்டுப் புழுவையும் நண்டையும் எடுக்கும். கடல் ஏறியதும் வெளியே இருக்கிற சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். அந்தச் சில மணி நேரம் பறவைக்கு நிற்க இடம் வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். அப்போது கைகொடுப்பவை பழைய இறால் குளங்கள்தான். மதகுகளை இயக்கி, குளத்தின் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். இறால் பிடிக்கக் கட்டிய மதகு இப்போது பறவைக்குத் தரை கொடுக்கிறது. இயற்கையைக் காப்பது என்றால் வேலி போட்டுவிட்டுச் சும்மா இருப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சுங்கை பூலோவைச் சும்மா விட்டுப் பாருங்கள்: குளங்கள் தூர்ந்துபோகும், செடி மண்டும், உள்ளானுக்கு நிற்க இடம் இருக்காது. அன்றாடம் யாரோ ஒருவர் அலைநேர அட்டவணையைப் பார்த்து மதகடிக்குப் போவதால்தான் அது பறவைகளின் இடமாக இருக்கிறது.

அந்த உழைப்பைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும். குளங்களைச் சுற்றி நடைபாதை இருக்கிறது; பறவைக்குத் தெரியாமல் நின்று பார்க்க மறைவுக் குடில்கள் இருக்கின்றன. அலையாத்தி மரங்களுக்கு ஊடே 500 மீட்டர் மரப்பாதை போகிறது. காலுக்குக் கீழே சேற்றில் துள்ளும் மீனைப் பார்க்கலாம். தண்ணீரை விட்டு வெளியே வந்து, செவுளறையில் ஈரத்தைத் தேக்கிக்கொண்டு சேற்றில் தவழ்கிற மீன் அது. உவர்நீர் முதலையும் உண்டு. அதனால் எச்சரிக்கைப் பலகையை மதித்து, பாதையை விட்டு இறங்காமல் நடக்க வேண்டும். மீன் சுவாசிப்பதைப் பற்றி வகுப்பில் நான்கு வரி எழுதிய பிள்ளை, இங்கே வந்தால் நாற்பது கேள்வி கேட்கும்.

மரப்பாதையில் நடக்கிற தமிழர்கள் ஒரு மரத்தின் முன் கட்டாயம் நிற்க வேண்டும். அது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் வளர்கிறது, இங்கே கிராஞ்சிக்குப் பக்கத்திலும் வளர்கிறது. ஒடித்தால் வடிகிற அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். ஆகவே தொடாமல் பார்க்க வேண்டும். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடியபோது கண்டல் மரத்தையும் உப்பங்கழியையும் பாடினார்கள். அந்த நிலம் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்த பிள்ளை கேட்டால், படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. அழைத்துக்கொண்டு போகலாம்.

நீர்நாய்களின் கதை இன்னும் அருமையானது. சிங்கப்பூரிலிருந்து அவை மறைந்தே போய்விட்டன என்று எல்லாரும் எண்ணியிருந்த காலத்தில், 1998-இல், சுங்கை பூலோவில் மீண்டும் தலைகாட்டின. இன்று பீஷான் பூங்காவிலும் மரினா பேயிலும் குட்டிகளோடு போகிற நீர்நாய்களைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறோமே, நீர்நாய்கள் இந்தத் தீவுக்குத் திரும்பி வந்த வாசல் அந்தச் சேற்றுக்கரைதான். அன்று அங்கே வேறு ஏதாவது கட்டியிருந்தால் அவை எங்கே கரையேறியிருக்கும்?

பவளக்காலி என்று ஓர் உள்ளான் உண்டு, கால் செக்கச்செவேல் என்றிருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தார் அதன் முதுகில் சிறு கருவியைப் பொருத்திச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்தார்கள். திபெத் பீடபூமியில் போய்க் குஞ்சு பொரிக்கிறது என்று தெரியவந்தது. தொடர்ந்து கவனித்ததில் பக்கத்து நிலத்தின் அருமையும் விளங்கியது. கடல் இறங்கும்போது மண்டாய் சேற்றுத்திட்டில் மேய்கிற பறவைகள், கடல் ஏறும்போது சுங்கை பூலோவுக்கு வந்து நிற்கின்றன. ஒன்று சாப்பாட்டுக்கூடம் என்றால் மற்றது படுக்கையறை. ஒன்றை இடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. 2020-இல் மண்டாய் அலையாத்திக் காட்டையும் சேர்த்து, 400 ஹெக்டேருக்கு மேற்பட்ட இயற்கைப் பூங்காக் கட்டமைப்பை அரசு அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வழிகாட்டி நடைகளைத் தொண்டூழியர்கள் நடத்துகிறார்கள். கண்டலும் கழியும் தில்லையும் நம் பாட்டில் இருக்கின்றன. அவற்றைத் தமிழிலேயே சொல்லி அழைத்துப்போகத் தமிழ் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் முன்வர வேண்டும் என்பது இந்த மேடையிலிருந்து வைக்கப்படும் வேண்டுகோள். பறவைப் பருவம் செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கும். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925-ஆம் எண் பேருந்து போகிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. அலைநேரத்தைப் பார்த்துவிட்டு, கடல் ஏறுகிற பொழுதில் போங்கள். அப்போதுதான் குளங்களில் பறவைகள் நெருக்கியடித்து நிற்கும். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.