மொரப்பூர் ரயிலும் எருசலேம் ரபியும்



சேரன் மேல் நமக்கு ஒரு கோபம் உண்டு. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூரை, இன்றைய நம் தருமபுரியை, அழித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் பிற்காலத்துச் சேரன் ஒருவனை இந்த மேடையில் நின்று நான் கும்பிடுகிறேன். கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபடி, ஜோசப் ரப்பான் என்கிற யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளைச் செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தான். பகல் விளக்கு உனக்கு. நடந்து வரப் பாவாடை விரிப்பு உனக்கு. பல்லக்கு, குடை, பறை, எக்காளம் எல்லாம் உனக்கு. சுங்கம் கிடையாது. சாமி வேறு, வேதம் வேறு, ஆனாலும் நீ எங்கள் ஊர்க்காரன் என்று எழுதிக் கொடுத்தான். எந்த எழுத்தில்? நம்ம தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றனவே, அவற்றில் இருக்கிற அதே வட்டெழுத்தில்!

போன வாரம் ஒருவர் கேட்டாராம், யூதன் கதை தருமபுரிக்கு எதற்கு என்று. பேர் சொல்ல மாட்டேன், அவர் ஆட்கள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐயா, நாயக்கன்கொட்டாய் பக்கம் 2012-ல் சாதி வெறியில் வீடுகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்த மாவட்டம் இது. அடுத்த தெருக்காரனோடு எப்படி வாழ்வது என்ற கதை எங்கிருந்து வந்தாலும் நமக்கு வேண்டும். கடல் தாண்டி வந்தவனுக்குக் குடையும் பல்லக்கும் கொடுத்த மண்ணுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, உள்ளூர்க்காரனின் கூரைக்குத் தீ வைத்தவர்களை என்ன சொல்வது? அதை முதலில் பேசுங்கள். பிறகு என் கதைக்கு வாருங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். எருசலேமில் யாக்கோபு சபீர் என்று ஒரு ரபி இருந்தார். ரபி என்றால் யூதர்களுக்கு வேதம் சொல்லித் தருகிற குரு. அங்கே ஹூர்வா என்ற ஜெபாலயம் கட்டப் பணம் வேண்டும். நம் ஊரில் கோயில் திருப்பணிக்கு ரசீது புத்தகத்தோடு கிளம்புவோமே, அப்படித்தான் அவரும் கிளம்பினார். நாம் பாலக்கோடு, பென்னாகரம் என்று போவோம். அவர் போனது யேமன், பம்பாய், கொச்சி, கல்கத்தா, ரங்கூன், பதாவியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை!  கண்ட இடத்தில் சாப்பிட முடியாது, அவர்கள் சட்டம் அப்படி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் பயணம் போகக் கூடாது. சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் மூட்டையைத் தூக்கலாம். அந்த மனிதர் நம்பிக்கையையும் விடவில்லை, பயணத்தையும் விடவில்லை. கண்டதையெல்லாம் இரண்டு பாகமாக எழுதி 1866-லும் 1874-லும் அச்சாக்கினார்.

அவர் 1859-ல் பார்த்த உலகத்தில் பெரும்பாலும் கப்பலும் கழுதையும்தான். நமக்கு 1906-லேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ரயில் ஓடியது! சின்ன ரயில், குறுகிய பாதை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-ல் மூடினார்கள். நம் தாத்தன் ஏறிய ரயில் பேரனுக்கு இல்லை. புதிய பாதை வெறும் 36 கிலோமீட்டர்! அதற்கு 2019-ல் அடிக்கல் போட்டார்கள். எர்ணாகுளத்துக்கு நம் ஸ்டேஷனிலேயே ஏறலாம், நம் தலைநகரத்துக்கு ரயில் பிடிக்க மொரப்பூருக்கு பஸ் ஏற வேண்டும். இது என்ன நியாயம்?

அந்த எர்ணாகுளத்துக்கே போவோம். அங்கே கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இருக்கிறது. தரையில் சீனத்து ஓடுகள், கையால் தீட்டிய நீலப் பூ வேலை. அந்த ஆலயத்திலேயே நிறத்தைச் சொல்லி ஒரு சாரார் ஒதுக்கப்பட்டார்கள். அதை எதிர்த்து உள்ளேயே சத்தியாகிரகம் இருந்தார், சென்னையில் சட்டம் படித்த ஏ.பி. சேலம். ‘யூத காந்தி’ என்றே அவருக்குப் பேர். சாதி எந்த மதத்துக்குள்ளும் நுழையும், அதை உள்ளிருந்தே விரட்டவும் ஒரு ஆள் பிறப்பான்!

1950-களில் கேரளத்து யூதர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனார்கள். யாரும் விரட்டவில்லை. இன்று மட்டாஞ்சேரியில் மிஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் மரபுப்படி முழுத் தொழுகை நடக்கப் பத்து ஆண்கள் வேண்டும். பத்துக்கு எங்கே போவது? ஊர் பார்க்க வந்த வெளிநாட்டு யூதர்கள் உள்ளே வந்து நின்றால்தான் எண்ணிக்கை சேரும். வழிப்போக்கன் வந்தால்தான் அந்த ஆலயத்துக்குத் தொழுகை!

நான் சொல்ல வந்த ஆளே வேறு. அந்த ஆலயம் இருக்கிற தெருவில் ஒரு யூத மூதாட்டி தையல் பூ வேலைக் கடை வைத்திருந்தார். 2019-ல், 96 வயதில் மறைந்தார். கணவர் போன பிறகு அந்த அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம். சின்ன வயதில் அந்தத் தெருவில் அஞ்சலட்டை விற்ற பையன். யூதர்கள் தலையில் வைக்கிற குல்லாவைத் தைக்கக் கற்றுக்கொண்டார். அந்த அம்மா போன பிறகும் அவருடைய நினைவை இவர் காப்பாற்றி வருகிறார். அவர் பேரை நான் சொல்லவில்லை. பேருக்காகச் செய்தவர் இல்லை அவர். ஒரு முஸ்லிம், ஒரு யூதத் தாய்க்கு மகனாக இருந்தார். உலகமே காசாவையும் இஸ்ரேலையும் பார்த்து அழுகிற நேரத்தில் சொல்கிறேன், அந்த மனிதருக்குக் கைதட்டுங்கள். இன்னும் பலமாக! மட்டாஞ்சேரிக்குக் கேட்கட்டும்!

தலைவர் மணி அடித்துவிட்டார். தம்பிகளே, ரயில் ஏறி ஒருமுறை போய் வாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், அவர்களுக்கு ஓய்வுநாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், அந்தத் தரையைப் பாருங்கள், பூ வேலைக் கடை எங்கே என்று விசாரியுங்கள். அப்புறம் மொரப்பூர் பாதைக்கான மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் பஸ் ஏறக் கூடாது.