பழம் தந்தவர் யார்?

(திருக்கடையூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இவ்வூருக்கு வெளியிலிருந்து வருகின்றவர்களில் பலர், அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்து கொண்டால் ஆயுள் நீடிக்கும் என்று நம்பி வருகின்றவர்களாவார்கள். அவர்கள் கொண்டுவரும் தட்டிலே மாம்பழம் இருக்கின்றது. அது எப்படி உண்டாயிற்று என்று கேட்டால், "அம்மன் அருள்" என்கிறார்கள். மரம் காய்க்காவிட்டால், "கண் திருஷ்டி" என்று சொல்லிப் பழைய செருப்பையும் விளக்குமாற்றையும் கிளையில் கட்டித் தொங்க விடுகிறார்கள். ஆகவே, காய்த்தாலும் யோசிக்க வேண்டியதில்லை. காய்க்காவிட்டாலும் யோசிக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அந்த யோசனையைத்தான் இன்று நாம் சற்றுச் செய்து பார்க்க வேண்டும்.

முதலில் அத்தியை எடுத்துக்கொள்வோம். எப்போதாவது நடக்கும் காரியத்தை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். அத்தி பூத்ததைக் கண்டவர் இல்லை என்பது ஒரு பெரிய அதிசயமாகப் பேசப்படுகிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாம் அத்திப் பிஞ்சு என்று எதைச் சொல்லுகிறோமோ அதுவேதான் பூங்கொத்து. பூக்களெல்லாம் வெளியே தெரியாமல் உள்பக்கமாகவே பூத்திருக்கின்றன. நுனியில் ஒரு சிறு துவாரம் உண்டு. எறும்பைவிடச் சிறிய ஒரு குளவி, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அதன் வழியாக உள்ளே நுழைகிறது. நுழையும்போதே அதன் சிறகு ஒடிந்து போகின்றது. உள்ளே பூக்களுக்கு மகரந்தம் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டுவிட்டு, அங்கேயே செத்துப்போகிறது. அதன் வாரிசுகள் உள்ளே வளர்ந்து, புது மகரந்தத்தோடு வேறு அத்திப் பிஞ்சைத் தேடிப் புறப்படுகின்றன. வெளியே வந்தபின் அவற்றின் ஆயுள் ஓரிரு நாள்தான். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று முகஞ்சுளிக்கின்றோமே, அந்தக் கூட்டத்தின் உழைப்பு இல்லாவிட்டால் அத்திக்கு வித்து ஏது?

நிற்க, மாமரத்திற்கு வருவோம். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஆண்பூக்கள், அவை காய்க்கமாட்டா. ஆணும் பெண்ணும் ஒன்றாய் அமைந்த பூக்கள்தான் காய்க்கக்கூடியவை. அவற்றிலும் பழம்வரை நிற்பது நூற்றில் ஒன்றுகூட இருக்காது. மகரந்தம் பிசுபிசுப்பானதால் காற்றை மட்டும் நம்பிப் பயனில்லை. அதைச் சுமந்து செல்வது யார்? அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ இவைகளோடு, நாம் அசுத்தம் என்று விரட்டுகிற ஈக்கள்! ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் மாந்தோப்புக்காரர் சிலர், பூக்கும் காலத்தில் செத்த மீனையும் அழுகல் இறைச்சியையும் தோப்பில் வைத்து ஈயை வரவழைக்கிறார்கள். இங்கேயோ, ஈ உட்கார்ந்த பழம் தீட்டு. ஆனால் ஈ உட்காராத பூவிலிருந்து பழமே அரிது. இது யாருக்காவது நினைவிருக்கிறதா?

எல்லாப் பழமும் பூச்சியால்தான் வருகின்றது என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் தின்னும் வாழை, மகரந்தம் சேராமலேயே காய்க்கின்றது. அதனால்தான் அதில் விதையில்லை. எதையும் உள்ளபடியே சொல்ல வேண்டும்.

தோழர்களே! பூச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஜனங்களே கண்ட உதாரணம் ஒன்று உண்டு. இந்தக் கடற்கரையிலுள்ள நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் நம் தஞ்சைப் பகுதியில் எத்தனையோ பேர். அங்கே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோன எண்ணெய்ப்பனையை 1917 முதல் தோட்டப் பயிராக நட்டார்கள். மரம் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. காற்றே போதும் என்று நினைத்தார்கள். காய் சரியாய்ப் பிடிக்கவில்லை. ஆகவே, கூலியாட்களை விட்டு மரம் மரமாய்ப் பெண்பூங்கொத்துக்களில் மகரந்தம் தூவச் செய்தார்கள். தோட்டத் தொழிலாளரில் பலர் தமிழர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஆர்.ஏ. சையத் என்னும் பூச்சியியல் அறிஞர், காமரூன் தேசத்திற்குப் போய் அந்த மரத்தின் ஆண்பூக்களில் வாழும் சிறு கூன்வண்டுகளை ஆராய்ந்தார். பெண்பூவும் ஆண்பூவைப்போல் சோம்பு வாசனை வீசுவதால், வண்டு ஏமாந்து அங்கும் போய் மகரந்தத்தை உதறிவிட்டு வருகிறதென்று தெரிந்தது. வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்த பிறகே 1981-ல் அதை மலேசியாவில் விட்டார்கள். வெகு சீக்கிரத்தில் காய் பிடித்தது. கையால் தூவும் வேலையும் நின்றது. எந்தப் பூஜை இதைச் செய்தது? கண்ணால் பார்த்து, சோதித்து அறிந்த அறிவல்லவா செய்தது!

இதனால் நமக்கு ஆகவேண்டியது என்ன? தை, மாசியில் மாமரம் பூத்ததும், தத்துப்பூச்சிக்குப் பயந்து பூ விரிந்த மரத்தின்மேலேயே விஷ மருந்தை அடிக்கிறோம். தத்துப்பூச்சி சாகிறது, கூடவே நமக்குக் காய் கொடுக்க வந்த தேனீயும் ஈயும் சாகின்றன. அப்புறம் பிஞ்சு பிடிக்கவில்லையென்று செருப்பைக் கட்டுகிறோம். தோப்பைக் குத்தகைக்கு எடுத்த ஏழை கடன்காரனாகிறான். பழி விதியின்மேல் விழுகின்றது. மருந்து அவசியமானால் பூ விரிவதற்கு முன்பே விவசாய அதிகாரியைக் கேட்டு அடியுங்கள். பூ விரிந்து நிற்கும்போது அடிக்காதீர்கள். வேலியோரத்துப் பூஞ்செடிகளையும் தேன்கூடு உள்ள பொந்து மரங்களையும் வீணாய் அழிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பலனை அனுபவிக்கிறவன் உயர்ந்தவன், பாடுபடுகிறவன் ஈனன் என்று சொல்லும் புத்தி, மனிதரோடு நிற்கவில்லை. ஈ, வண்டு வரைக்கும் போயிருக்கிறது. ஓரிரு நாள் வாழும் பூச்சி பழத்தைத் தந்துவிட்டுச் சாகிறது. நூறாண்டு வாழ ஆசைப்பட்டு இவ்வூருக்கு வருகிற நாம், அப்பழத்தைத் தந்தவர் யார் என்றாவது தெரிந்துகொள்ளக் கூடாதா என்று கேட்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகின்றோம்.