பிணக்குத் தீர்ப்போரும் பயிற்சியும்



கணவன் மனைவி பிணக்கென்றால் புத்திசொல்ல நம்மில் யாவரும் முந்துகிறோம். அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலோ, அதைத் தொழிலாக நடத்துவோர்க்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமென 1963ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2009ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் ஏற்பட்டுவிட்டது.

கலிபோர்ணியாவில் முதுமாணிப் பட்டம் மட்டும் போதாது. மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் 3,000 மணித்தியாலம், 104 வாரங்களுக்குக் குறையாமல், பயிலவேண்டும். அவற்றுள் 500 மணித்தியாலமேனும் தம்பதிகள், குடும்பங்கள், பிள்ளைகளுக்குச் சிகிச்சையளிப்பதில் கழியவேண்டும். இவற்றோடு இரு பரீட்சைகளும் உண்டு.

ஏன் இத்தனை கெடுபிடி என இளைஞர் கேட்கலாம். ஊதியங் குறைந்த அப் பயிற்சிக்காலம் பலரை வாட்டுவதும் மெய்யே. ஆயினும் நாம் அதைக் குறைகூறோம். முதலிற் பேசுபவர் பக்கமே மனம் சாய்வது மனித இயல்பு. நம் வீடுகளிற் சமாதானம் பேசப்போய்ச் சண்டையை வளர்த்த கதைகள் கொஞ்சமா? அச் சாய்வைப் பயிலுநர் தாமாகக் காண்பது அரிது. வாராவாரம் மேற்பார்வையாளரிடம் விபரஞ் சொல்லும்போதே அது வெளிப்படும்.

நம்பி வந்தவரிடம் முறைகேடாக நடந்தால் அனுமதிப்பத்திரம் பறிபோகும். அவருடன் பாலுறவு கொள்வதைச் சிகிச்சை முடிந்தபின்னும் ஈராண்டுவரை அம் மாநிலச் சட்டம் தடுக்கின்றது.