பேச்சை மீட்கும் பயிற்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுப்பா, உன் தொழிலைப் பத்தி ஏதாவது சொல்லு" என்றார் சங்கச் செயலாளர். நான் பம்பு, வால்வு செய்கிறவன். வால்வைப் பற்றியும் சொல்கிறேன். என் அப்பாவின் கழுத்தில் மாட்டியிருந்த வால்வு அது.

2022-இல் அப்பாவுக்குக் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்தது. காலில் மதமதப்பு என்று ஆரம்பித்து, நாலே நாளில் கை, மார்பு என்று ஏறி மூச்சையும் பிடித்துவிட்டது. இந்த நோயில் உடம்பு அசையாது. அறிவு தெளிவாகவே இருக்கும். பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறிவிடுவார்கள். அதுவரைக்கும் வென்டிலேட்டர். முதலில் வாய் வழியாகக் குழாய் வைத்தார்கள். பிறகு கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய். அது குரல்நாணுக்குக் கீழே இருக்கிறது. காற்று மேலே போவதே இல்லை. ஆகவே பேச்சும் இல்லை.

நர்ஸ் ஒரு பட அட்டையைக் காட்டினார். தண்ணீர், வலி, குளிர், தூக்கம் என்று படங்கள். அப்பா எதற்கும் பதில் காட்டவில்லை. குழப்பமாக இருக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பலருக்கும் அப்படி ஆவதுண்டு. நானும் நம்பிவிட்டேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, "அப்பா போயிட்டார், உடம்பு மட்டும்தான் இருக்கு" என்று அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அப்புறம் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டை வரவழைத்தார்கள். படித்து முடித்து ஓராண்டுகூட ஆகாத பெண். கட்டில் அருகே வந்து மானிட்டரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "சார், மறைக்க விரும்பலை. திக்குவாய், பக்கவாதம் வந்தவங்க பேச்சு, குழந்தைங்க பேச்சு எல்லாம் பார்த்திருக்கேன். வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களைப் பாடத்துல படிச்சதுதான். எங்க சீனியர் அக்காவைக் கூப்பிடறேன்."

அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நம் நாட்டில் இந்தப் பட்டப்படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலு வருடம். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் உண்டு. பிறந்த குழந்தை முதல் தாத்தா பாட்டி வரை எல்லாருடைய பேச்சும், விழுங்கலும் அதற்குள் அடக்கம். அதில் ஐ.சி.யு.வுக்கு எத்தனை நாள் கிடைத்துவிடும்?

மறுநாள் சீனியர் வந்தார். பட்டத்துக்குப் பிறகு, வேறு ஓர் ஊரில் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே ஒருவர் மேற்பார்வையில் ஓராண்டு வேலை பழகியவர். கையில் அட்டையில்லை. குனிந்து, மெதுவாக, "ஐயா, ஆமான்னா கண்ணை இறுக்கி மூடுங்க. உங்களுக்கு ரெண்டு பசங்களா?" என்றார். அப்பா கண்ணை மூடினார். "மூணு பசங்களா?" மூடவில்லை. விடை தெரிந்த கேள்விகளாக ஆறேழு கேட்டார். எல்லாம் சரி. என் பக்கம் திரும்பி, "அறிவு நல்லா இருக்கு சார்" என்றார். எனக்கு நிற்க முடியவில்லை.

அடுத்து எழுத்து. "இங்கிலீஷுக்கு 26 எழுத்தை வரிசை வரிசையாப் பிரிச்சுக் கேட்போம். தமிழுக்கு 247 ஆச்சே, எப்படிப் பிரிக்கலாம்?" என்று யோசித்தார். பள்ளிக்கூடத்து இலக்கணம் அங்கே கைகொடுத்தது. உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நாலு கட்டு. முதலில் கட்டைக் கேட்பது, பிறகு அதற்குள் எழுத்தைக் கேட்பது. அதிகம் போனால் பத்துக் கேள்வியில் ஒரு மெய்யெழுத்து வந்துவிடும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இருவருமாக எழுதினோம்.

வல்லினம், க. மெல்லினம், ண. மறுபடியும் ண. நான் அவசரப்பட்டு, "கண்ணு வலிக்குதாப்பா?" என்றேன். அப்பா கண்ணை மூடவில்லை. "சார், அவர் வார்த்தையை அவரே முடிக்கட்டும்" என்று என்னை நிறுத்தினார். அடுத்தது வல்லினம், ட.

கண்ணாடி!

சேர்த்த அன்றே நர்ஸ் என்னிடம் கொடுத்த மூக்குக்கண்ணாடி, பதினோரு நாளாக என் பையிலேயே கிடந்தது. பட அட்டை அப்பாவுக்கு வெறும் மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. தப்பு என்னுடையது. அதைக் கண்டுபிடித்தது எந்த மெஷினும் இல்லை.

இப்போது வால்வுக்கு வருகிறேன். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு நமக்குத் தெரியும். தண்ணீரை மேலே விடும், திரும்ப இறங்க விடாது. பேச்சு வால்வும் அதே ஜாதிதான். மூச்சு கழுத்துக் குழாய் வழியே உள்ளே போகும். வெளியே வரும்போது வால்வு மூடிக்கொள்ளும். காற்று குழாயைச் சுற்றி மேலேறி, குரல்நாணை அதிரவைத்து, வாய் வழியே வரும். இந்த வகையில் பேர்பெற்ற பாசி மியூர் வால்வு, அமெரிக்காவில் 1980-களில் டேவிட் மியூர் என்ற இளைஞரின் யோசனையில் பிறந்தது. தசைச் சிதைவு நோயால் கைகால் முடங்கி வென்டிலேட்டரில் இருந்தவர் அவர். நோயாளியே டிசைன் இன்ஜினியர்!

ஆனால் ஒரு விஷயம். குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன் உண்டு, மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ள. வால்வை மாட்டுமுன் அந்தப் பலூனில் காற்றை முழுக்க இறக்கியாக வேண்டும். மறந்தால் மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழியே இருக்காது. நிமிடங்களில் உயிர் போகலாம். பலூனை இறக்கினால் வென்டிலேட்டரில் கசிவு அலாரம் அடிக்கும். டாக்டர் அமைப்புகளை மாற்றித் தர வேண்டும். பலூன் இருந்த இடத்துக்கு மேலே தேங்கிய சளியை எடுக்க வேண்டும். இத்தனையும் கூட்டு வேலை. புத்தகத்தில் படித்தால் மட்டும் கை வருமா?

விழுங்குவதும் அப்படித்தான். நமக்குப் புரையேறினால் இருமுகிறோம். பல நாள் குழாயோடு இருந்தவர்களில் சிலருக்கு இருமலே வராமல் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டு விழுங்குவதைப் பார்க்கும் முறையை 1988-இல் சூசன் லாங்மோர் என்ற பேச்சு வல்லுநரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். அதைச் செய்யவும், படத்தைப் படிக்கவும் தனிப் பயிற்சி வேண்டும். முதலில் பக்கத்தில் நின்று பார்ப்பது, பிறகு மூத்தவர் முன்னிலையில் செய்வது, அவர் போதும் என்ற பிறகே தனியாகச் செய்வது. நம் ஒர்க்‌ஷாப்பில் லேத் பழகியதும் அப்படித்தானே?

இளைய பெண்ணுக்கும் சீனியருக்கும் திறமையில் வித்தியாசமில்லை, அக்கறையிலும் இல்லை. அந்த ஓராண்டுப் பயிற்சிதான் வித்தியாசம்.

ஆகவே இந்தச் சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள். மாணவத் தம்பி தங்கைகளே, கழுத்து, குழாய், பலூன், வால்வு எல்லாம் உள்ள ஒரு மாதிரியை உங்கள் ப்ராஜெக்டாகச் செய்யுங்கள். பலூனை இறக்க மறந்தால் அலாரம் அடிக்கட்டும். கற்கிறவர்கள் தவறை அதில் செய்யட்டும். இரண்டாவது, தமிழ் எழுத்து அட்டையை ஒழுங்காக வடிவமைத்து மருத்துவமனைகளுக்கு இலவசமாகக் கொடுப்போம். மூன்றாவது, மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார்களுக்கு. அடுத்த வென்டிலேட்டர் வாங்கும்போது, ஒரு தெரபிஸ்டுக்குப் பயிற்சி விடுப்பும் சம்பளமும் சேர்த்து ஒதுக்குங்கள்.

வால்வு மாட்டிய அன்று அப்பா முதலில் பேசியது கரகரவென்று வந்தது: "டேய், ஆபீசுக்குப் போகலையா?"

லீவு போட்டிருக்கேன்பா என்றேன். "எத்தனை நாளைக்கு?" என்று அடுத்த கேள்வி. இப்போது ஊரில் கைத்தடியோடு நடக்கிறார். நான் இன்று இங்கே பேசப்போவது தெரியும். "சுருக்கமா முடிச்சுக்கோ" என்றார்.

முடித்துக்கொள்கிறேன்.